செட் ஆவதற்கு முன்பே ஒரு பேனர்

எங்கள் வீட்டில் யாராவது 'செட்' என்று சொன்னால், சொன்னவர் முகத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். அப்பாவுக்கு செட் என்றால் பம்பு செட். சமயநல்லூர்ப் பக்கம் எந்தக் கிணற்றில் மோட்டார் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அது கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்து வாங்குவது. பெரியப்பாவுக்குப் பல் செட். சாப்பிடக் கழற்றி வைப்பார், பேச மாட்டிக்கொள்வார். நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார் என்பதால் எனக்கு அது கணம். ஒன்றில் எது சேரும், எது சேராது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தால் அது கணம் என்று ஒருநாள் வீட்டில் விளக்கினேன். பெரியப்பா பல்லைக் கழற்றி வைத்துவிட்டார்.

செல்லூரில் எனக்கு இன்னொரு செட்டும் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றும் ஐந்தாறு பேர். அதில் ஒருவன் மைக் செட் வைத்திருக்கிறான். அவன் குரல்தான் எடுபடும் என்பதால் அவனே தலைவன்.

போன வருடம் திருப்பரங்குன்றத்தில் பெண் பார்க்கப் போனோம். பள்ளி ஆசிரியை. கேசரியைக் கொடுத்துவிட்டு, "கணக்கு வாத்தியார்னா வீட்டுலயும் போர்டுல எழுதிக் காட்டித்தான் பேசுவீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது. அதுவரை பார்த்த இடங்களில் எல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக் கழித்தவன், முதல்முறையாகப் பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார் அவள் அப்பா. அதற்குள் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "என்ன, செட் ஆயிருச்சா?" என்று கேட்டு உயிரை வாங்கினார்கள்.

சனிக்கிழமை காலை பால் வாங்கப் போனேன். தெருமுக்கில் ஆள் உயரத்துக்கு என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. 'கணக்குக்கே கணக்குச் சொல்லும் எங்கள் அண்ணன் மணமேடை ஏறுகிறார்.' கீழே நண்பர்கள் வரிசையாக, காதில் செல்போனோடு. மணப்பெண் படம் கிடைக்காததால் அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ. பூவுக்கு நெற்றிச்சுட்டி வேறு மாட்டியிருந்தார்கள்.

மைக் செட் நண்பனைப் பிடித்தேன். "இன்னும் பேச்சே முடியலடா. எதுக்குடா வச்ச?"

"முடிஞ்சப்பறம்னா உன் சித்தப்பா மகன் செட்டும் பேனரோட வரும் மாப்ள. முக்குல எடம் பிடிக்க வேணாமா?"

எங்கள் பகுதியில் மண்டபம்கூடக் கிடைத்துவிடும், முக்கில் பேனர் கட்ட இடம் கிடைக்காது. அது எனக்கும் தெரியும்.

"அவுக வேண்டாம்னு சொல்லிட்டா?"

கொஞ்சம் யோசித்தான். "அதுக்குத்தான பொண்ணு போட்டோ போடல. பூ யாருக்கும் ஆகும்."

உடனே கழற்றச் சொன்னேன். ஏணி ஒரு காதுகுத்து வீட்டில் இருந்தது. ஏணி வருவதற்குள் அவளுடைய தாய்மாமா வந்துவிட்டார். தறிக்காரர் ஒருவரைப் பார்க்க வந்தவராம். பால் பாக்கெட்டோடு டீக்கடைக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் வண்டியை நிறுத்தி, பேனரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்து, செல்போனில் படமும் எடுத்தார். நண்பன் போய், "நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள்தான்.

"மாமா எங்க குடும்ப குரூப்புல ஒரு படம் போட்டிருக்காரு."

"எனக்குத் தெரியாம வச்சுட்டாங்க. கழட்டியாச்சு. மன்னிச்சிருங்க. உங்க வீட்டுல வேண்டாம்னாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் அவள் அப்பா யாரிடமோ கத்திக்கொண்டிருந்தது கேட்டது. கடைசியாகச் சொன்னது பச்சைப் பொய் என்று எனக்கே உறுத்தியது.

"இல்லங்க, நினைப்பேன்" என்றேன். "ரொம்ப நினைப்பேன்."

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "பேனர திரும்பக் கட்டும்போது அந்தப் பூவ மட்டும் எடுக்கச் சொல்லுங்க. என் போட்டோ அனுப்புறேன்."