ஐஸ் வண்டிக்குப் பாடு இல்லை

ஒரு கடைக்கு முன்னால் இருக்கும் இடம் யாருக்குச் சொந்தம்? பட்டாவைக் கேட்கவில்லை. பட்டாப்படி அது புறம்போக்கு என்று எனக்கும் தெரியும். தினமும் தண்ணீர் தெளித்து, பெருக்கி, வருகிற வண்டியை நிறுத்தி, போகிற வண்டியை அனுப்பி, வெறும் மண்தரையை ஓர் இடமாக்கி வைத்திருந்தவருக்கு அதில் ஏதாவது உண்டா, இல்லையா? பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து யோசிக்கிறேன். இப்போது என் பையனே பள்ளிக்கூடம் போகிறான். பதில் கிடைத்தபாடில்லை.

பொன்னேரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. ஜல்லி, மணல், கம்பி எல்லாம் தெருவில்தான். பள்ளி வேன் வாசலுக்கு வர முடியாமல் முனையிலேயே நின்றுவிடுகிறது. பையனைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடக்கும்போதெல்லாம், இது திடீரென்று பின்னால் வந்துவிடுமோ என்று அவனைச் சுவரோரம் இழுத்துக்கொள்வேன். (கேஸை மூடினேனா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிறவள் நான். என் பயத்தை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை.) ஒருநாள் மேஸ்திரியிடம் கண்டிப்பாகப் பேசிவிடுவது என்று, குளிக்கும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "சொல்லுங்க மேடம்" என்றார். தண்ணீர் வேண்டுமானால் எங்கள் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

என் கோழைத்தனம் மட்டும் காரணமில்லை. புதிதாக வார்த்த தூண்களில் சாக்கு சுற்றித் தண்ணீர் விட்டிருந்தார்கள். அந்த ஈரச் சாக்கு வாசம் மூக்கில் ஏறியதும், சொல்ல வந்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. என் அம்மாவின் புடவையில் அடிக்கும் வாசம் அது. மற்ற பிள்ளைகளுக்கு அம்மா வாசம் என்றால் மஞ்சளும் பூவும் ஞாபகம் வருமாம். எனக்கு நனைந்த சாக்கும் உமியும்.

பழவேற்காட்டில் படகுத்துறைக்கு இறங்கும் தெருவின் கடைசியில் அம்மாவின் ஐஸ் கடை இருந்தது. விடியும்போது பொன்னேரியிலிருந்து டெம்போ வரும். ஐஸ் பார்களைப் பலகையில் சறுக்கவிட்டு, கொக்கி போட்டு உள்ளே இழுத்து, உமி கொட்டி, சாக்கு போர்த்துவார்கள். ஏரியிலிருந்து இறாலும் நண்டும், கடலிலிருந்து மீனும் வந்து சேர்ந்ததும், டிவிஎஸ் வண்டியில் பெட்டி கட்டிய வியாபாரிகள் கடை வாசலில் வந்து குவிவார்கள். பெட்டிக்குள் உடைத்த ஐஸ் ஓர் அடுக்கு, இறால் ஓர் அடுக்கு, மறுபடியும் ஐஸ். அனுப்பம்பட்டில் ரயிலைப் பிடிக்கிறவருக்கு ஓர் அவசரம், எளாவூர்ப் பக்கம் போகிறவருக்கு வேறோர் அவசரம். "ஐஸ்காரம்மா, எனக்கு மொத போடு", "த்தோ, நான் இன்னா மீன் பாக்க வந்தேனா, எனக்குப் போடு" என்று ஒரே இரைச்சலாக இருக்கும். இந்த வியாபாரத்துக்கு அலமாரி வேண்டாம், அடுப்பு வேண்டாம். வாசல்தான் கடை. வாசலில் வண்டி நிற்க முடியாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்.

கடையை ஆரம்பித்தவர் நைனா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் சின்ன வகுப்பில் படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதிலிருந்து கடை அம்மாவுடையது.

நான் பத்தாவது முடித்த வருஷம், ஏரிக்குள் இருக்கும் தீவுக்குப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். அம்மா பிறந்தது அந்தத் தீவில், பசியாவரத்தில். பாலம் என்றதும் துறையிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான். "எங்க அம்மா வூட்டுக்கு ஐஸ எடுத்துக்கினு நடந்தே பூடுவேன், உருகக்கூட உருகாது" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

பாலம் வருவதற்கு முன்னால் லாரி வந்தது. தெருவோ ஒற்றை மாட்டு வண்டி அகலம். வழியில் டச்சுக்காரர்களின் கல்லறை. அங்கே பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசாங்கத்தின் நீலப் பலகை இருப்பதால் பக்கத்தில் லாரி நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே எல்லா லாரிகளும் நேரே வந்து நின்றது எங்கள் வாசலில். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்தக் காலத்துலயோ செத்த வெள்ளக்காரன் வாசல்ல நிக்கக்கூடாதாம். உசுரோட கீறவ வாசல்ல நிக்கலாமாம். நானும் ஒரு கல்லு நட்டுக்கினு படுத்துக்கவா?"

படுத்துக்கொள்ளவில்லை. ஐஸ் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். டெம்போ வந்து போகும்வரை லாரிகள் பேருந்து நிறுத்தத்திலேயே நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வரலாம். வியாபாரிகள் கிளம்பியதும் மணல் கொட்டலாம். யாரும் எழுதி வைக்காத சட்டம் இது.

"வா, வா, லெப்ட்ல ஒடி… ஒடிய்யா… ஸ்டாப்பு! கண்ணு இன்னா பின்மண்டையிலயா கீது?"

நெல்லூர்க்கார டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, நீ போலீஸா?" என்றார்.

"போலீஸா இருந்தா உன்ன உள்ள வெச்சிருப்பேன். ஐஸ்காரிதான், அதனாலதான் வெய்யில்ல நிக்க வெச்சிக்கினு கீறேன்."

அந்த டிரைவர் தினமும் தன் தண்ணீர் கேனுக்கு ஐஸ் துண்டு வாங்கிக்கொண்டு போவார். டிரைவர்களுக்குள் அவள் பெயர் டிராபிக் அம்மா. எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும். கூடப் படித்த பெண்கள் அந்த வழியாக வந்தால் உமி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இப்போது என்னால் ஒரு மேஸ்திரியிடம் நாலு வார்த்தை பேச முடியவில்லை. அந்தக் கொக்கி பிடித்த கையில் பாதியாவது எனக்கு வந்திருக்கக் கூடாதா?

அம்மா உள்ளே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒருநாள் ஒரு லாரி பின்னால் வந்து, நிறுத்தியிருந்த டிவிஎஸ் ஒன்றைச் சாய்த்துவிட்டது. பெட்டி திறந்து நண்டெல்லாம் தெருவில். லாரிக்கு அடியில் ஓடிய நண்டுகளைப் பிடிக்க வியாபாரி குப்புறப் படுத்தார். அவரைக் காப்பாற்ற இருவர் அவர் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர் தன்னை அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கத்தினார். எல்லோரும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். யாரோ டிரைவரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பாலத்து வேலை நின்றது.

அன்று சாயங்காலம் எங்கள் குப்பத்து ஆண்கள் கோயில் முன்னால் கூடினார்கள். பாலத்து சூப்பர்வைசரும் வந்து உட்கார்ந்தார். பேசிப் பேசி, கடைசியில் ஒருவர் சொன்னார்: "ஏரிக்கு இன்னா பண்றோமோ அத்தையே பண்ணு. பாடு போட்டுடு."

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் விழும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக் குத்தில் முடியும். அதனால் கல்யாணமான ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு பாடு. சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு என்று முறை வைப்பார்கள். அவர் முறையன்று வேறு யாரும் அங்கே போகமாட்டார்கள். தன் முறையை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. கடை வாசலுக்கும் அப்படியே வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவர். அன்றைக்கு அங்கே எந்த வண்டி நிற்கலாம் என்பதை அவர்தான் சொல்வார். "எங்க கம்பெனில கூட இவ்ளோ ஒழுங்கு இல்லங்க" என்று சூப்பர்வைசர் வியந்துபோனார்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். குப்பத்துத் தலைவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்துவிட்டது என்றார்.

"அம்மா பேரு எழுதலியே பெரிப்பா. ஐஸ் டெம்போ எங்க நிக்கும்?"

தலைவர் என் தலையில் கை வைத்தார். "பொம்பள பேர்ல பாடு ஏதும்மா? உங்க நைனா இருந்திருந்தா மொத சீட்டே அவனுதுதான்." சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அதைப் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கடை போடுவதற்கு முன்னால் நைனாவும் அவரும் ஒரே படகில் போனவர்கள். அம்மா விஷயத்தில் அவருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தாள். "கேட்டியா நீ?" என்றாள். கேட்டேன் என்றேன். "அவ்ளோதான்டி. நான் இன்னா வலையா கட்டப்போறேன், சண்ட போட?"

முதல் நாள் முறை நைனாவின் தம்பி தாமு சித்தப்பாவுக்கு விழுந்தது. "அண்ணி, உன் டெம்போதான் நிக்கும், எவன் கேக்கறான் பாக்கறேன்" என்று அவரே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்தடுத்த நாட்களில் அம்மா ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். "இன்னிக்கு ஒருநாள் உட்டுக்குடு, டெம்போ வந்துட்டுப் பூடட்டும்." சிலர் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள் சூப்பர்வைசர் பாடு என்றால் என்ன என்று நன்றாகவே புரிந்துகொண்டுவிட்டார். அன்றன்றைக்கு யார் முறையோ அவரிடம் முதல் நாளே போய்க் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த சுற்று வந்தபோது தாமு சித்தப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"கோச்சிக்காத அண்ணி. பெரியவன ஸ்கூல்ல சேக்கணும். அந்த ஆளுகிட்ட வாக்கு குடுத்துட்டேன். ஒருநாள்தான?"

எல்லோரும் சூப்பர்வைசருக்கு ஒருநாள்தான் கொடுத்தார்கள். ஒருவர்கூட இரண்டு நாள் கொடுக்கவில்லை. லாரி மட்டும் தினமும் நின்றது.

டெம்போ பேருந்து நிறுத்தத்தோடு நின்றுகொண்டது. அங்கிருந்து ஐஸ் பார்களைத் தள்ளுவண்டியில் வைத்து அம்மாவும் நானும் தள்ளிக்கொண்டு வருவோம். தெரு நெடுக ஈரக் கோடு விழும். கடைக்கு வந்து சேரும்போது பாரின் முனையெல்லாம் மழுங்கி, குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருக்கும். வியாபாரிகள் கொஞ்ச நாள் பார்த்தார்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவர்களும் உண்டு. மீன் காத்திருக்காது. பொன்னேரி ரோட்டில் புதிதாக ஒருவர் ஐஸ் போட ஆரம்பித்ததும் அங்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கும் எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் அம்மா மீதி உமியை வாசலில் கொட்டிப் பரப்பிவிட்டு, சாக்குகளைத் துவைத்துக் காயப் போட்டாள். அவை முழுசாகக் காய்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாலம் நல்லதுதான். அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. தீவில் ஒரு குழந்தைக்கு ராத்திரி ஜுரம் ஏறினால் இனிப் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் பாலம் கரையிலிருந்து ஏறுகிற மண்மேடு, கடை இருந்த இடத்தில்தான் தொடங்குகிறது. துறை இல்லை. காலையும் மாலையும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்த தீவுப் படகு இல்லை. ஐஸ் டெம்போவே இப்போது பாலத்தின் மேல் ஏறித் தீவுக்குப் போய்விடுகிறது. "ஐஸ்காரம்மா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அம்மா அங்கே இல்லை, எங்களோடு பொன்னேரியில் இருக்கிறாள். பாலம் திறந்த பிறகு ஒருமுறைகூட அவள் பசியாவரம் போகவில்லை. மூட்டுவலி, வெயில், பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்.

இப்போது காரணம் சொல்ல முடியாத இடத்துக்கு வந்திருக்கிறது. அம்மாவுடைய தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம், பசியாவரத்திலேயே. அம்மா, கல்யாணப் பெண்ணுக்கு அத்தை. கல்யாணத்தில் அவள் நிற்க வேண்டும். மாமா வந்து தட்டு வைத்து அழைத்தபோது, "வரேன்டா" என்றாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "பாலத்து மேல இஸ்துக்கினு போவாத. என் கட மேல ஏறிப் போற மாதிரி கீது."

படகில் போகலாம். தையில் ஏரியில் தண்ணீர் இருக்கும். ஆனால் இப்போது மீன்பிடிப் படகுகள்தான். யாரிடமாவது கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒருநாள் கொடுங்கள் என்று குப்பத்தில் இன்னொரு முறை கேட்கமாட்டேன், நீயும் கேட்காதே என்கிறாள். அவளுக்குத் தெரியாமல் தாமு சித்தப்பாவிடம் பேசினேன். "அண்ணிக்கு இல்லாத படகா? நானே ஓட்டிக்கினு வரேன் பாப்பா" என்றார். அவர் குரலைக் கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. தூரத்தில் பார்க்கும்போதே அது யார் படகு என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பார்த்ததும் கரையிலிருந்தே திரும்பிவிட்டால்? கல்யாண வீட்டில் எல்லோரும் அத்தை எங்கே என்று கேட்டால்? சரி, முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றால், சொன்ன அன்றே வரமாட்டேன் என்றுவிட்டால்?

பாலமா, சித்தப்பாவின் படகா? எதில் அவளுக்கு வலி குறைவு என்று எனக்குத் தெரியவில்லை. நான் முடிவு செய்தால் தப்பாகத்தான் செய்வேன். உங்கள் வீட்டில் இப்படி ஓர் அம்மா இருந்திருந்தால், எந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள்? தை பிறப்பதற்குள் எழுதுங்கள்.