இரண்டாம் முறை அனுப்பிய புத்தகங்கள்

1. நன்றிக் கடிதம்

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தபோது இலங்கை மலையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார்.

‘தாங்கள் அனுப்பிய நூல்கள் கிடைத்தன. நன்றி. எங்கள் பள்ளி தரம் ஐந்து வரைதான். பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் கைடுகளைப் பிள்ளைகள் வளரும்வரை பத்திரமாக வைத்திருப்போம்.’

அதுவரை யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக அறைந்ததில்லை. அந்தப் பெட்டிகளைக் கட்டியது நான்தான்.

புத்தகம் திரட்டியது ஊர் நற்பணி மன்றம். தலைவர் உரக்கடை முதலாளி. ஆயிரம் புத்தகம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். பிரித்துப் பார்த்து அனுப்பலாம் என்றேன்.

“அட்டை இருக்குது, உள்ள எழுத்து இருக்குது. அப்புறம் இன்னா மேடம் பாக்கணும்? ஜல்தியா கட்டுங்க” என்றார். கட்டினேன்.

இப்போது கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு வரி படித்தார். “பாத்தீங்களா, நன்றின்னு எழுதிக்கிறாங்க!” என்றார். அதே சூட்டில் மறுபடியும் ஆயிரம் புத்தகம் என்று நோட்டீஸ் அடித்தார்.

2. ஐந்து மூட்டை

ஊராரின் தாராளத்தைக் குறை சொல்லக் கூடாது. போன வருடப் பஞ்சாங்கம் வந்தது, டெலிபோன் டைரக்டரி வந்தது. தலைவர் தம் பங்குக்குப் பூச்சிமருந்து விளக்கப் புத்தகங்களை ஒரு கட்டு கொடுத்தார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தாமே எழுதி, தாமே அச்சிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் நூறு பிரதிகள் கொண்டுவந்து, “அங்க இருக்கிற புள்ளைங்க தெரிஞ்சிக்கணும்மா” என்றார். எதை என்று சொல்லவில்லை.

ஐந்து மூட்டையில் சிறுபிள்ளைகளுக்குத் தேறியது பதினேழு புத்தகம்.

நூலகத்தின் பழைய நாளிதழ்களை எடுத்துப்போகப் பழைய பேப்பர் கடை அஞ்சலை வந்தார். மூட்டைகளைப் பார்த்தார். “இன்னா மேடம், நீங்களும் கடை போட்டுட்டீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“புள்ளைங்க புஸ்தகமா? அதெல்லாம் எங்கிட்டதான் வரும். பசங்க பெருசானா எடைக்குப் போட்டுடுறாங்க. கெட்டித் தாளு, பொட்டலம் மடிக்க வராது. மூலையில கெடக்குது.”

போய்ப் பார்த்தேன். படக்கதைகள், விலங்குக் கதைகள், அரிச்சுவடிகள். பாதி புத்தகங்கள் பிரிக்காத புதுசு. பதினொன்றில் நற்பணி மன்றத் தலைவரின் மகன் பெயர் இருந்தது.

“உங்க மூட்டையக் குடுங்க, எடைக்கு எடை எடுத்துக்கினு போங்க” என்றார் அஞ்சலை. “அந்த வரலாறு நல்ல மெல்லிசுத் தாளு. மல்லாட்டைப் பொட்டலத்துக்குத் தோதா இருக்கும்.”

ஊர் கொடுத்த நன்கொடையைப் பேப்பர் கடையில் மாற்றினேன் என்று யாராவது புகார் எழுதினால் வேலைக்கே உலை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மூட்டைகளை ரிக்‌ஷாவில் ஏற்றினேன்.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை தின்றவர்கள் அத்தனை பேரும் அந்த வாழ்க்கை வரலாற்றைப் படித்தார்கள்.

3. வழியனுப்பு விழா

பெட்டிகளை வழியனுப்ப விழுப்புரத்திலிருந்து நூலகத் துறைப் பெரிய அதிகாரி வந்திருந்தார். ஒரு பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். நான் கத்தரிக்கோல் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்தேன். தலைவரே திறந்தார். மேலாக இருந்த யானைக் கதையை எடுத்து விரித்தார். முதல் பக்கத்தில் அவர் மகன் பெயர், அவர் கையெழுத்திலேயே.

என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“எம்புள்ள உசுரா வச்சிக்கினு இருந்த புஸ்தகங்க. அதையே குடுத்துட்டேன்!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நானும் தட்டினேன். உயிர் திரும்பி வந்தவள் தட்டாமல் இருக்க முடியுமா?

சில மாதம் கழித்து ஆசிரியை மறுபடி எழுதினார். ஒரு சிறுமி யானைக் கதையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தர மாட்டேன் என்கிறாளாம். என்ன செய்வது என்று நூலகரான என்னைக் கேட்டிருந்தார்.

என் பணிக்காலம் முழுக்கத் திரும்பாத புத்தகங்களுக்காக வீடு வீடாக அலைந்தவள் நான். அவளிடமே இருக்கட்டும் என்று எழுதினேன். கூடவே, முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியையும் எழுதினேன்: ‘உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்?’