விட்டுப்போன சைபர்

ஒரு மெஷின் சொல்வதை இன்னொரு மெஷினைக் கேட்க வைப்பது என் தொழில். இரண்டில் எது பிசகினாலும் ஏச்சு மனுசனுக்குத்தான் என்பது இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்.

வாய் திறக்காதது

ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். ரத்தத்தை அளக்கும் மெஷின் முடிவை நெட்வொர்க்கில் அனுப்பும். பைதான் மொழியில் எழுதிய சின்ன புரோகிராம், ஸ்கிரிப்ட் என்போம், சாக்கெட் என்கிற நெட்வொர்க் இணைப்பு வழியாக அதை வாங்கி அச்சடிக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் அது என் தலையில் விழுந்தது.

ஒரு காலையில் கரண்ட் போய் வந்தது. மெஷின் கிளம்பியும் ரிப்போர்ட் வரவில்லை. நோயாளிகள் வாசல் வரை நின்றார்கள். அறுந்துபோன இணைப்பில் காது வைத்தபடி ஸ்கிரிப்ட் காத்துக் கிடந்தது. எவ்வளவு நேரம் காக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் யாஸ்மின் சொன்னார்: "வராதுன்னு சொன்னா கையால எழுதிக் குடுத்திருப்போம்ல. அது வாயே தொறக்கலண்ணே."

பாதி எண்

ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையிலும் அதே ஸ்கிரிப்ட்தான். டெங்கு சமயம். மில் தொழிலாளி மாரியப்பனின் மனைவி செல்விக்கு, ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய பிளேட்லெட் 14,200 என்று ரிப்போர்ட் வந்தது. பதறி வேன் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். அங்கே எடுத்ததில் 1,42,000. தினமும் ரத்தம் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

சாக்கெட்டில் வருவது ஒரே மூச்சில் வராது, துண்டு துண்டாகவும் வரும். கடைசி சைபர் அடுத்த துண்டில் வர, ஸ்கிரிப்ட் முதல் துண்டோடு எழுந்துவிட்டது. வரி முடியும் வரை சேர்த்துப் படிக்கும்படி அன்றே மாற்றினேன். சண்டைக்கு வந்த மாரியப்பனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கேட்டார்: "ஒரு சைபருக்கா காய்ச்சக்காரிய அம்புட்டு தூரம் தூக்கிட்டு அலைஞ்சேன்?"

முழு எண்

டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் பிளேட்லெட் சரியும். செல்விக்கு மூன்று நாள் விட்டு அடுத்து எடுத்ததில் 16,000. முழுதாக வந்த எண். அன்று இந்தக் கிளைக்கு வந்திருந்த யாஸ்மின் மறுபடி ஓட்டிப் பார்த்தார், அதேதான். மாரியப்பனுக்கு போன் போட்டு உடனே மதுரைக்குக் கிளம்பச் சொன்னார். அவர் அசையாததால் நானும் பேசினேன். இந்த முறை எண் சரி, என்னை நம்புங்கள் என்றேன். மாரியப்பன் கோபப்படவில்லை. "காய்ச்ச விட்டிருச்சு, கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கா. அந்த சைபர் பின்னாடியே வரும், செத்த நேரம் பாருங்க அண்ணாச்சி."

ஸ்கிரிப்ட் இப்போது ஒரு சைபரைக்கூட விடுவதில்லை. மறுநாள் செல்விக்கு ரொம்ப முடியாமல் போய் மதுரைக்குக் கிளம்பிய வேன்தான், அவள் மூச்சு நின்றுபோய், பாதி வழியில் கல்லுப்பட்டியோடு திரும்பிவிட்டது.