நிஷாந்தியின் கையில் ஒரு சீன எழுத்து

நான் எவரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. கலியாண வீட்டுச் சாம்பாரில் உப்புக் குறைந்தால் சமையற்காரரைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிறவள். ஆனால் நிஷாந்தியைப் பற்றி யார் கேட்டாலும் வாய் நிறையச் சொல்லுவேன்.

மணப்பெண் அலங்காரம் அவளுடைய தொழில். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் தாய் மயிலம்மாவோடு இருக்கிறாள். விடிய முதலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிடுவாள். எங்கள் கலியாணங்களில் அலங்காரக்காரிக்கு மெய்யான சோதனை நடுவில்தான் வரும். மாப்பிள்ளை மணவறையில் கூறைச் சேலையைக் கொடுத்ததும் பெண் உள்ளே போய் அதை உடுத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். தாலி கட்டும் முகூர்த்தம் யாருக்காகவும் காத்து நிற்காது. மற்றவர்கள் முக்கால் மணித்தியாலம் எடுப்பார்கள். நிஷாந்திக்கு இருபது நிமிடம் போதும், மடிப்பு ஒன்றுகூடப் பிசகாது. அதனால் என் தம்பி மகள் யதுஷாவின் கலியாணத்துக்கும் அவளைத்தான் பிடித்துக் கொடுத்தேன்.

அவளுடைய இடது முன்கையில் பெரிதாக ஒரு சீன எழுத்தைப் பச்சை குத்தியிருக்கிறாள். வேலைக்கு வரும்போது அதன்மேல் மேக்கப் பூசி மறைத்துவிடுவாள். யதுஷாவின் கலியாணத்தன்று பார்த்து மண்டபத்தில் ஏசி நின்றுபோனது. வியர்வையில் பூச்சுக் கரைந்து, கூறைத் தட்டோடு அறைக்குள் வந்த என் தம்பி மனைவி பாலேஸ்வரியின் கண்ணில் எழுத்துப் பட்டுவிட்டது.

பாலேஸ்வரி மச்சாள் கெட்டவள் இல்லை, பயந்தவள். நல்ல காரியம் முடியும்வரை வீட்டில் ஒருவரையும் தும்ம விடமாட்டாள். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இதென்ன எழுத்து?”

“சீன எழுத்துங்க அம்மா.”

“என்ன அர்த்தம்?”

“தெரியாதுங்க.”

“தெரியாதோ! செத்தவீடு எண்டு எழுதியிருந்தாலும் இருக்கும். அந்தக் கையால என்ர பிள்ளையின்ர கூறையைத் தொட விடமாட்டன்.”

யதுஷா அழத் தொடங்கினாள். வெளியே ஐயர் இரண்டாம் முறையும் ஆளனுப்பிவிட்டார். நான் கூறை கட்டிவிட்டால் மணவறைக்குப் போகுமுன்பே அவிழ்ந்துவிடும். அதைவிட, தை மாதத்தில் மகள்மாருக்குக் கலியாணம் வைத்திருந்த மூன்று தாய்மார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அபசகுனக் கை என்று ஒரு சொல் வெளியே போனால், வெள்ளவத்தையில் நிஷாந்தியின் பிழைப்பு அன்றோடு சரி.

நான் அவள் காதுக்குள், “லட்சுமி எண்டு சொல்லு பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“பொய் சொல்லிட்டுக் கூறையத் தொடக்கூடாதுங்க” என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு மச்சாளிடம் திரும்பினாள்.

“ஃபோன்ல தேடிப் பார்த்தேங்க அம்மா. ஒருக்கா குதிரைன்னுச்சு, ஒருக்கா வேற என்னமோ சொல்லிச்சு. சைனாக்காரங்க கடையில ஒரு அக்காகிட்டக் காட்டினேன். பாதி எழுத்துத்தான் சரி, மீதி என்னன்னே தெரியலன்னு சிரிச்சாங்க. நுகேகொடையில பச்சை குத்துற கடையில நானே பார்த்து எடுத்ததுங்க. அர்த்தம் கேக்கல, அளவு மட்டும்தான் பார்த்தேன்.”

“அளவோ?”

நிஷாந்தி மச்சாளின் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். மைக்குக் கீழே தோல் மேடும் பள்ளமுமாக, ஒரு பக்கம் கூராகக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியின் முனை.

“பதிமூணு வயசுல தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தேங்க. அவங்க மகனோட பள்ளிக்கூடச் சட்டை கருகிப்போச்சு. அந்த வீட்டு எசமானி நோனா வச்ச சூடு. இந்தத் தழும்புக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்ங்க. பஸ்ல பார்க்கிறவங்களுக்கும் தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல, ஒருத்தருக்கும் தெரியாத ஒண்ணு இருக்கட்டும்னு குத்திக்கிட்டேன்.”

பொய் சொல்லச் சொன்ன என் வாயை நினைத்து வெட்கப்பட்டேன். அந்தக் கையோடுதான் அவள் ஒரு சலூனில் வெட்டிய மயிரைக் கூட்டப் போனாள். பார்த்துப் பார்த்தே வேலை பழகினாள். இன்று ஊரார் பிள்ளைகளை மணவறைக்கு அனுப்புகிறாள். நானென்றால் அதற்குப் பிறகு எந்த வீட்டுப் படியும் மிதித்திருக்க மாட்டேன்.

மச்சாள் கூறைத் தட்டை நீட்டினாள். நிஷாந்தி அதை வாங்குமுன் மேக்கப் டப்பாவைத் திறந்து கையில் பூசப்போனாள்.

“விடு பிள்ளை, பூசாத. நேரம் போகுது” என்றாள் மச்சாள்.

பதினாறு நிமிடத்தில் யதுஷா மணவறையில் இருந்தாள். வாசலில் நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் தைக்கு நிஷாந்தியையே பேசிவிட்டார்கள். மற்றவளோடு நான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. யதுஷாவின் தோளில் கூறைத் தலைப்பைக் குத்துகிற கையும், அந்த எழுத்தும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. அழித்துத் தரவா என்று படம் எடுத்தவர் கேட்டாராம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னவள் பாலேஸ்வரிதான்.