நாற்பத்திரண்டாவது வாத்து

மோகனாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரியாகப் போன பாவத்துக்கு, வருடம் ஒருமுறை நானும் வாத்து எண்ணப் போகிறேன். பிப்ரவரியில் வடக்கிலிருந்து வரும் காட்டு வாத்துகள் நிபோங் திபால் பக்கத்துப் பழைய இறால் குளங்களில் இறங்கியிருக்கும். நாங்கள் குடியிருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து காரை ஓட்டுவது நான். பறவைக் கணக்கெடுப்புக்காக எண்ணிப் படிவத்தில் எழுதுவது அவள்.

மற்ற நாட்களில் அவளுக்குத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை. மாதிரியோடு ஒத்துப்போகாததை எடுத்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனிக்கூடையில் போட வேண்டும். பதினெட்டு வருடப் பழக்கம்.

அந்தப் பழக்கம்தான் மூன்று வருடத்துக்கு முன் அவளைக் கவிழ்த்தது. அன்று நீலச்சிறகிகள் முப்பது, ஊசிவால் வாத்துகள் பதினொன்று. ஓரமாக இன்னொன்று தனியே நின்றது. புருவத்தில் நீலச்சிறகியின் வெள்ளைக் கோடு, பின்னால் ஊசிவாலின் நீண்ட வால். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மோகனா அதைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு, மொத்தம் நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டாள்.

கணக்கெடுப்பைக் கவனிப்பவர், எங்கள் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இக்மல். படத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு இனங்களும் வடக்கே எப்போதாவது ஜோடி சேருமாம். இது அப்படிப் பிறந்ததாம், மிகவும் அபூர்வமாம். மோகனாவின் முகம் செத்துவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். அவள் அம்மா சீனர், அப்பா தமிழர். இருவரும் இப்போது இல்லை. சீனப் புத்தாண்டுக்குப் போனால், அம்மா வீட்டில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அப்பா வீட்டுக் கல்யாணங்களில் குடும்பப் படம் எடுக்கும்போது, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள். எனக்கு அவர்கள் மேல் இன்றும் ஆத்திரம்தான். அப்படி வளர்ந்தவள், தன் கையாலேயே ஒன்றைத் தள்ளி நிறுத்திவிட்டாள்.

அதிலிருந்து அவள் குளத்துக்குப் போவதே அந்த ஒன்றுக்காகத்தான். இந்த வருடமும் கூட்டத்தை மூன்று முறை எண்ணினாள். வெயில் ஏறி, எனக்குத் தலை சுற்றியது. அது வரவில்லை. 

திரும்பும்போது நேராக இக்மல் கடைக்குப் போகச் சொன்னாள்.

"தம்பி, அந்த வருஷக் கணக்க மாத்தணும். நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்திரெண்டு."

"எந்தக் கட்டத்துல போடறது அக்கா? ரெண்டுலயும் சேராது லா."

"கட்டம் வேணாம். மொத்தத்துல சேத்துடுங்க. அது வந்துச்சு. நான் பாத்தேன்."

இக்மல் பழைய படிவத்தைத் தேடி எடுத்துத் திருத்தினார். மோகனா அதை வாங்கி, அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வைத்த தே தாரிக் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"உன்னையும் சேத்தாச்சுன்னு அதுகிட்டதான் சொல்ல முடியல," என்றாள்.