வேனுக்குள் வெளிச்சமும் பாட்டும்

மாமாவின் வேனில் ஐந்து பேர் படுக்கலாம். அந்தக் கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, மாமா, நான் என்று நான்கு பேர் போனோம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பலகைகள் பெரியவை. பின்கதவை ஒட்டிக் குறுக்கே போட்ட ஐந்தாவது பலகை மூன்றரை அடி. என் தங்கைக்காக மாமா அளந்து அறுத்தது. அவள் தை மாதம் வந்த காய்ச்சலில் ஏழாம் நாள் போய்விட்டாள். அந்தப் பலகையின் மேல் ஸ்டவ்வையும் இரண்டு தண்ணீர்க் குடங்களையும் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

அந்த வருடம் எழுபத்திரண்டா எழுபத்துமூன்றா என்று நான்கு நாட்களாக யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன், ஆகவே எழுபத்திரண்டாகத்தான் இருக்க வேண்டும். தவறாக இருந்தால் சொல்வதற்கு இப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் ஊரான காரைக்குடியிலேயே ரேடியோவும் மோட்டாரும் பழுது பார்ப்பவர். ஒரு மருந்துக் கம்பெனி கழித்துவிட்ட வேனை வாங்கி, பலகை அடித்து, கூரையில் இரண்டு டியூப் லைட்டுகளும் போட்டிருந்தார். ஓரடி நீளம்தான். வண்டியின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் எரிவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பெட்டி செய்து வைத்திருந்தார். அந்தப் பெட்டிகளால்தான் தொல்லை. லைட் எரிந்தால் டிரான்சிஸ்டரில் கோணிச் சாக்கைக் கிழிக்கிற சத்தம் வரும். அணைத்தால்தான் பாட்டு.

"மாமியாளும் மருமகளும் மாதிரி மாப்ளே. ஒருத்தி வாயத் தொறந்தா இன்னொருத்தி பேச முடியாது" என்றார் மாமா.

முதல் நாள் பிள்ளையார்பட்டியில் தங்கினோம். ஏழு மணிக்கு அம்மா அப்பாவிடம், "என்னங்க, அந்த லைட்ட அமத்துறீகளா? பாட்டு ஒண்ணும் கேக்கல" என்றாள்.

"லைட்டு கெடக்கட்டும். இருட்டுல பய மெரளுவான்."

"அரை மணி நேரந்தாங்க. பாட்டுக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

நான்கு மாதங்களில் அம்மா வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. தை மாதத்திலிருந்து அவள் சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், எனக்குத் தலை வாரினாள், அவ்வளவுதான். நாலு ஊரைப் பார்த்தால் மனசு மாறும் என்றுதான் அப்பா இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்திருந்தார். மாறத் தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். அவரே எழுந்து சுவிட்சைத் தட்டினார்.

எனக்கு இருட்டு பிடிக்கவில்லை. தங்கை போனபின் இருட்டினால் நான் ஆட்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். அப்பாவின் இருமல் ஒன்று, மாமாவின் பீடி நெருப்பு இரண்டு, என் மூச்சு மூன்று. அன்று அம்மா மட்டும் கணக்கில் வரவில்லை. ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சத்தத்தையும் முழுக்கத் திருகி வைத்திருந்தாள்.

"அம்மா" என்று கூப்பிட்டேன். பாட்டில் இரண்டு வரி போனபிறகுதான் பதில் வந்தது.

"பாட்டக் கேளுய்யா."

மறுநாள் நெற்குப்பைக்குப் போய் ஊருணிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். அன்று மாலைக்குள் வெளிச்சமும் பாட்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குப் பாட்டு, எனக்கு நான்கு முகங்கள். யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்று பட்டது.

காலையிலேயே லைட்டை எரியவிட்டு, ரேடியோவோடு வேனைச் சுற்றி வந்தேன். ஆறு எட்டு வைத்து விலகினால் சத்தம் குறைந்தது. ரேடியோவைக் குறுக்காகத் திருப்பினால் சத்தம் செத்தது, பாட்டும் கூடவே செத்தது. பேட்டரியிலிருந்து கூரைக்குப் போன ஒயரின் பக்கத்தில் கொண்டுபோனபோதுதான் சத்தம் தலைவிரித்தாடியது. ஒரு ஒயர் இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமுமாகக் கொடிக்கயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

மாமா சோம்பல் முறித்துக்கொண்டு வந்து பார்த்தார். "சரி மாப்ளே, வேலைல எறங்கிட்ட. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து முறுக்கு."

நூற்றுப்பன்னிரண்டு முறுக்கு. விரலில் இரண்டு இடத்தில் கொப்பளம். சத்தம் பாதியாயிற்று. அதன்பின் மாமா திருகாணி போட்டு வைத்திருந்த இரண்டு பிஸ்கட் டின்களைக் காலி செய்து, பெட்டிகளை அவற்றுக்குள் வைத்து மூடி, டின்களை வேனின் தகரத்தோடு சேர்த்து இறுக்கினோம். இரைச்சலை உறிஞ்சிக்கொள்ள, பேட்டரி ஒயருக்குக் குறுக்கே ஒரு கன்டென்சரைப் பற்றவைத்தார். கடைசியாக, ஒரு செத்த டிரான்சிஸ்டருக்குள் இருந்த கறுப்புக் குச்சியை உருவி என்னிடம் கொடுத்தார். அதன்மேல் லைட்டுக்குப் போகும் ஒயரை முப்பது சுற்று சுற்றினேன்.

ஏழு மணிக்கு அம்மா ரேடியோவைக் கையில் எடுத்தாள். அப்பா சுவிட்சுக்குக் கை நீட்டினார். "அமத்தாதீக!" என்று கத்தினேன்.

கோணி கிழிகிற சத்தம் இல்லை. கொசு பறப்பதுபோல் ஒரு சின்ன ரீங்காரம், அதற்கு மேலே தெளிவாகப் பாட்டு.

"பயலுக்கு மூள இருக்குடா" என்றார் அப்பா. அவர் சிரித்ததையும் நான் அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் கூரை லைட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லாக் கேக்குதுய்யா" என்றாள்.

அரை மணி நேரமும் அவள் படுக்கவில்லை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் எப்போது திரும்பினாலும் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தாள். ஏழு பாட்டுகள். ஏழையும் எண்ணினேன். நான்கு முகங்களும் வெளிச்சத்தில் இருந்தன. தை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் விழிக்காமல் தூங்கினேன்.

அடுத்த நாள் தெற்கே திரும்பிக் காரைக்குடி வழியாகவே போனோம். எங்கள் தெரு முனை வந்தபோது, "நிறுத்தாதீக மாப்ள, போங்க" என்றார் அப்பா. மாலையில் தேவிபட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் வேன் நின்றது. ஏழு மணிக்கு நானே ரேடியோவை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்யா. தல வலிக்குது."

"அப்ப எதுக்கும்மா முந்தாநாள் கேட்ட?"

"அன்னைக்குப் புடிச்சிச்சு."

"எங்கக்கா சின்னதுலருந்தே இப்பிடித்தான் மாப்ளே. கேட்டது கெடச்சிட்டா வேணாம்பா" என்று மாமா கேலி செய்தார். நான் கொப்பளம் உடைந்த விரலை அம்மாவுக்குத் தெரியும்படி ஊதிக்கொண்டு, சாப்பிடாமல் படுத்தேன்.

பல வருடங்கள் கழித்து, அம்மா காலமாகிக் காரியம் முடிந்த மறுநாள்தான் மாமா எனக்கு விஷயத்தைச் சொன்னார். அம்மாவே எப்போதோ அவரிடம் சொன்னதாம். வேன் கிளம்புவதற்கு முன் அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, 'பயலுக்கு முன்னால அழுதுறாத. அவன் ராத்திரியெல்லாம் ஆளெண்ணிக்கிட்டுக் கெடக்கான்' என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலாவது அடுப்படி இருந்தது, குளியலறை இருந்தது. நான்கு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் வேனில் அவளுக்கு அந்த அரை மணி இருட்டும், மேலே மூடிக்கொள்ளக் கொஞ்சம் பாட்டும்தான் கிடைத்திருந்தன.

"நீ மட்டுமா மாப்ளே, நானும் சேந்துதானே பண்ணுனேன்" என்றார் மாமா. "தெரிஞ்சிருந்தா அந்தக் கன்டென்சரப் புடுங்கி ஊருணில எறிஞ்சிருப்பேன்."

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்களாக ஒன்பது கல் நட்டிருக்கும். அந்தப் பயணத்தின் நான்காம் நாள் காலையில் அப்பா அவற்றைச் சுற்றி வந்து கும்பிட்டுக் கரையேறிவிட்டார். அம்மா கல்லைத் தாண்டி இன்னும் உள்ளே போனாள். மார்பளவுத் தண்ணீரில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று முழுக்குப் போட்டாள். ஒவ்வொரு முழுக்கிலும் வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்தாள். ஒன்றில் நான் பதினான்கு வரை எண்ணினேன். எழும்போதும் முகத்தைக் கடல் பக்கமே வைத்திருந்தாள். மொத்தம் இருபத்துமூன்று. நிறைய வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கரைக்கு வந்தபோது கண்கள் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தன.

"என்னம்மா கண்ணு?"

"உப்புத் தண்ணிய்யா. எரியுது."

வேனுக்கு ஓடி ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். முந்தின இரவு கோபித்துக்கொண்டதற்கு அது ஈடாகும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. அம்மா என் முன்னாலேயே முகத்தை நன்றாகக் கழுவினாள். "இப்பச் செவப்புப் போயிருச்சா?" என்று குனிந்து காட்டினாள்.

"இல்லம்மா. இன்னும் இருக்கு."

"அப்பன்னா இன்னும் ரெண்டு முழுக்குப் போட்டுட்டு வாரேன். நீ அங்குட்டு அப்பாட்டப் போயி நில்லு."

உப்பில் எரிகிற கண்ணோடு மறுபடி உப்புத் தண்ணீரிலா இறங்குவார்கள்? இவ்வளவு சின்ன விஷயம்கூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. நான் அப்பாவிடம் போகவில்லை. காலிச் செம்போடு அங்கேயே நின்று எண்ணினேன். இரண்டு என்று சொல்லிவிட்டுப் போனவள் ஒன்பது முழுக்குப் போட்டாள்.