பொருந்தாத முப்பத்தெட்டு

மச்சாளின் உள்ளங்கையில் அன்று கிடந்தது பெருவிரலைவிடக் கொஞ்சம் தடித்த ஓர் இரும்பு அச்சு. வெளியே மரை, நடுவே துளை, தலைப்பில் தேய்ந்துபோன '38' என்ற இலக்கம். அது வந்த மட்டைப்பெட்டியின் மூலைகளெல்லாம் கிழிந்து, பழைய எண்ணெய் மணத்தது. சிட்னி நார்த்மீட்டில் அவளுடைய கராஜுக்குள் நின்று, "இதென்ன மச்சாள், தண்ணிப் பைப்புக்குப் போடுறதோ?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அது கைத்துப்பாக்கி ரவைகளை மறுபடி செய்கிற, ரீலோடிங் என்கிற வேலைக்கான அச்சு. மச்சாள் என் கணவரின் தங்கை. புருசனை இழந்து, வன்னியிலிருந்து கைப்பிள்ளையோடு வந்து, முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கூட வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி பிஸ்டல் கிளப்புக்குக் கூட்டிப்போக, பிறகு லைசென்ஸும் எடுத்துவிட்டாள். எங்கள் சனத்துக்கு அது போதாதா? "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள், இவள் தேடிப்போய்த் துவக்கு வாங்கிறாள்" என்று வாய் கிழியக் கதைத்தார்கள். எனக்கும் விளங்கவில்லைதான். ஒருநாள் நேரே கேட்டேன். "அங்கை துவக்கு வைச்சிருந்தவன் இரு எண்டால் இருந்தன், எழும்பு எண்டால் எழும்பினன். இங்கை அது என்ரை கையிலை. நான் சொல்லாமல் அது மூச்சும் விடாது" என்றாள். அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது?

சனிக்கிழமை சுட்டுவிட்டு வந்தால், ஞாயிறு முழுக்க வெடித்து முடிந்த ரவைகளின் வெறுங்கோதுகளோடு இருப்பாள். முதல் அச்சு, வெடித்துப் பருத்த கோதை அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். அடுத்தது அதன் வாயைச் சற்று விரிக்கும். கடைசி அச்சு குண்டை இருத்தி வாயை இறுக்கும். கிளப்பில் கிழவர் யாராவது கண்ணை மூடினால், பிள்ளைகள் எறியப் பார்க்கிற பழைய அச்சுகளெல்லாம் இவளிடம் வந்து சேரும். புதியவற்றின் வாய்க்குள் வேறு நிறத்தில் மினுங்கும் கடினமான வளையம் ஒன்று இருக்குமாம். பழையவை முழு இரும்பு. அவற்றுக்குள் கோதை எண்ணெய் பூசாமல் தள்ளினால் இறுகிப்பிடித்துவிடும், மேலேயும் வராது, கீழேயும் போகாது. "எங்கடை அண்ணன் மாதிரி" என்பாள். அந்த மனிசனோடு குடும்பம் நடத்துகிற நான் சிரிக்காமல் என்ன செய்வேன்!

அவளுடைய மகனும் மெல்பேர்ன் ரோவிலில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். இரண்டு வீட்டிலும் சாதகம் பார்த்தார்கள், அமோகமாகப் பொருந்தியது. பிள்ளையின் தாயும் தகப்பனும் பிளேன் ஏறி வீடு பார்க்க வந்தார்கள். என் கணவர் விடியவே போய்த் தங்கையிடம், "கராஜைப் பூட்டு. அவையள் போகுமட்டும் அந்தக் கோதாரியளைப் பற்றி வாய் திறவாதை" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

வடையும் தேத்தண்ணியுமாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலை இல்லாத நாளில் அம்மாவுக்கு எப்படிப் பொழுது போகிறது என்று பெண்ணின் தகப்பன் கேட்டார். மச்சாளின் மகன், என் மருமகன், யோசிக்காமல், "அம்மா ரீலோடிங் செய்வா" என்றான். அவர் முகம் மலர்ந்தது. "ஓ, போனுக்கு ரீலோட் போடுறதோ? ஊரிலை என்ரை பெறாமகனும் கடை வைச்சு அதுதான் செய்யிறான்!" எங்கள் நாட்டில் போனுக்குக் காசு ஏற்றுவதற்கு அதுதானே பெயர். என் கணவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "ஓம் ஓம், அதுதான், அதேதான்!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. மச்சாள் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்லை அண்ணை. போனுக்கில்லை, துவக்குக்கு. வாங்கோ, காட்டுறன்."

கராஜைத் திறந்து, மட்டைப்பெட்டியிலிருந்து அந்த அச்சை எடுத்து, தன்னுடைய வெறுங்கோது ஒன்றை அதற்குள் விட்டாள். அது லொட லொடவென்று ஆடியது. "பெட்டியிலையும் முப்பத்தெட்டு, அச்சிலையும் முப்பத்தெட்டு. ஆனால் இது என்ரை முப்பத்தெட்டு இல்லை அண்ணை. வெள்ளைக்காரன்ரை பழைய றிவோல்வருக்கு உரியது. அந்தக் கோது கட்டை, ஒரு சொட்டுத் தடிப்பு. இதிலை என்ரை கோதை விட்டால் அது இறுகாது, குண்டு உள்ளுக்கை நிக்காது. மேலை எழுதியிருக்கிறதை நம்பினால் ஆபத்து. போட்டுப் பாக்கவேணும்." அந்த மனிசன் பேயறைந்தவர்போல நின்றார். மத்தியானம் சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

பிறகு ரோவிலிலிருந்து போன் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரம்! வரும்போது பொருந்திய சாதகம் பிளேனிலே திரும்பிப் போகும்போதா பொருந்தாமல் போனது?

என் கணவர் என்னையும் இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்க் குதித்தார். எல்லாவற்றையும் விற்றுவிட்டோம் என்று உடனே போன் எடுத்துச் சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று நின்றார். மருமகன் குசினி மேசையில் தலை குனிந்து இருந்தான். அந்தப் பிள்ளைமேல் அவனுக்கு எவ்வளவு விருப்பம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மச்சாள் தன் போனை அவன் கையில் வைத்தாள்.

"உனக்காக விக்கிறன் ராசா. இண்டைக்கே விக்கிறன். ஆனால் அம்மா செய்தது வெக்கக்கேடு எண்டு நீ நினைச்சால் மட்டும். நினைச்சால், உன்ரை வாயாலை அவருக்குச் சொல்லு."

அவன் எண்ணை அழுத்தினான்.

"அங்கிள், அம்மா ஒண்டையும் விக்கமாட்டா. நீங்கள் சாதகத்தை ஆறுதலாய் இன்னொருக்காப் பாருங்கோ."

போனை வைத்துவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதான். அவளும் அழுதாள். என் கணவர் வெளியே நடந்தார்.

அவர்கள் சாதகத்தை மறுபடி பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு மெல்பேர்னிலேயே வேறு கலியாணம் நடந்தது. மருமகன் இன்னும் கட்டவில்லை. தாய் கிளப்புக்குப் போகிற நாளில் கார் ஓட்டுகிறவன் அவன்தான். ஸ்ட்ராத்ஃபீல்டுக்குச் சாமான் வாங்கப் போனால் இப்போதும் யாராவது ஒரு அன்ரி என் முழங்கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "அந்தத் துவக்குச் சாமானாலை தானே பிள்ளை, பெடியன்ரை கலியாணம் குழம்பினது?"

நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

"ஓம் அன்ரி, அதாலைதான். இப்ப என்ன?"